டார்ச் செல்லுக்கு ஏன் சார்ஜ் ஏறாது?



ராத்திரியில மோட்டார் போட எங்க அப்பா கிணற்றுக்குப் போவாங்க. கையில் மூணு செல் போடும் டார்ச். போன மாதம் பாதி வழியிலேயே அது அணைந்துவிட்டது. இருட்டில் வரப்பைத் தடவித் தடவி வீடு வந்து சேர்ந்தாங்க. மறுநாள் என் தம்பி, "செல்போன் மாதிரி இதுக்கும் சார்ஜ் ஏத்தலாம்ல?" என்று கேட்டான். கேட்டதோடு விடாமல் பழைய சார்ஜர் வயரை அறுத்து, செல்லின் ரெண்டு முனையிலும் வைக்கப் போனான். நல்லவேளை, நான் பார்த்துவிட்டேன். அறிவியல் டீச்சர் சொன்னதையும் பிறகு நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

செல்லின் வெளிக்கூடு துத்தநாகம். அதுதான் எதிர்மின்முனை. நடுவில் கரிக்குச்சி, அதைச் சுற்றிக் கறுப்பாக மாங்கனீசு டை ஆக்சைடு. டார்ச் எரிய எரிய துத்தநாகம் கரைகிறது. பழைய செல் ஓட்டையாகி ஒழுகுவது அதனாலதான். சார்ஜ் ஏற்றணும்னா கரைந்த துத்தநாகம் திரும்பக் கூட்டில் வந்து ஒட்டணும். அது ஒழுங்கா ஒட்டாது. உள்ளே வாயு சேர்ந்து செல் வெடிக்கவும் கூடும். தயவுசெய்து யாரும் செய்து பார்க்காதீங்க!

ஆனாலும் விஞ்ஞானிகள் துத்தநாகத்தை விடவில்லை. செல்போனில் உள்ள லித்தியம் பேட்டரியின் திரவம் தீப்பிடிக்கும். துத்தநாகத்துக்குத் தண்ணீரே போதும், அது எரியாது. விலையும் குறைவு. அந்தத் தண்ணீரில் பெரும்பாலும் கரைப்பது, நெல் வயலுக்குப் போடுகிறோமே, அதே ஜிங்க் சல்பேட்தான்.

சிக்கல் எங்கே வருகிறது? சார்ஜ் ஏறும்போது தகட்டில் ஒரு சின்ன மேடு இருந்தால் போதும். துத்தநாகம் எல்லாம் அங்கேயே போய்ச் சேரும். கருவேல முள் மாதிரி வளர்ந்து, நடுவில் உள்ள தடுப்பைக் குத்தி மறுமுனையைத் தொட்டுவிடும். ஷார்ட் சர்க்யூட்! இன்னொன்று, ஒவ்வொரு துத்தநாக அயனியும் ஆறு தண்ணீர் மூலக்கூறுகளைச் சுமந்து வருகிறது. அது தகட்டில் உடைந்து ஹைட்ரஜன் வாயு ஆகிறது. பேட்டரி உப்பிப் போகிறது.

இதற்குத்தான் அந்த நீரில் வேறு பொருளைக் கொஞ்சம் கலக்கிறார்கள். சில பொருட்கள் மேட்டின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். முன்வாசலில் முண்டுகிற கூட்டத்தைக் கண்டக்டர் பின்வாசலுக்கு அனுப்புவாரே, அது போலத் துத்தநாகம் மற்ற இடங்களுக்கும் பரவி ஒட்டும். 2021-இல் ஓர் ஆய்வில் குளுக்கோஸைக் கலந்தார்கள். ஆமாம், விளையாட்டு விழாவில் நாம குடிக்கிற அதேதான்! அது அயனியைச் சுற்றியுள்ள தண்ணீரில் ஒன்றை விலக்கி அந்த இடத்தைப் பிடிக்கிறது. வாயு குறைகிறது.

மறுமுனையில் வேறு கஷ்டம். மாங்கனீசு மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைந்து போகும். 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முன்கூட்டியே மாங்கனீசு சல்பேட்டைக் கலந்து வைத்தார்கள். உப்பு நிறையக் கரைந்த தண்ணீரில் மறுபடி உப்பு போட்டால் சுலபமாகக் கரையுமா? 5000 தடவை சார்ஜ் ஏற்றி இறக்கிய பிறகும் 92 சதவீதம் கொள்ளளவு மிச்சம் இருந்தது.

ஆனால் இவை பெரும்பாலும் சட்டைப் பொத்தான் அளவு செல்லில் செய்தவை. தேவைக்கு மேல் துத்தநாகம் வைத்துச் சோதிப்பதும் உண்டு. கடைக்கு வரும் பேட்டரியில் அப்படி வைக்க முடியாது, எடையும் விலையும் ஏறிவிடும். அதனால் இந்த 5000 கணக்கை நான் அப்படியே நம்பவில்லை.

இப்போதைக்கு அப்பாவுக்குப் புது செல் மூணு வாங்கியாச்சு. அறுத்த வயருக்குத் தம்பி இன்னும் அம்மாவிடம் பதில் சொல்லவில்லை.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி