தேய்க்கத் தேய்க்க வெளுக்காது: உங்கள் முகத்துக்கு ஏற்ற ஸ்கிரப் எது?

தீபாவளியோ, திருமணமோ, பட்டமளிப்பு விழாவோ, எது நெருங்கினாலும் நம் வீடுகளில் முகத்துக்கு ஒரு 'ஸ்கிரப்' வந்துவிடும். மருந்தகத்தில் பன்னிரண்டு வெள்ளிக்கு ஒன்று, கைப்பேசி விளம்பரத்தில் எழுபது வெள்ளிக்கு ஒன்று. அதுவும் இல்லையென்றால் சமையலறையில் சீனியும் எலுமிச்சையும் இருக்கவே இருக்கிறது. விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது முகத்தைப் போட்டுத் தேய்த்துவிட்டு, விழா அன்று கன்னம் எரிய, பவுடருக்கு மேல் பவுடர் பூசி நிற்கும் பெண்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. எரிச்சல் இரண்டு நாளில் போய்விடும். அது விட்டுச் செல்லும் கறுப்புத் திட்டு ஆறு மாதம் ஆனாலும் போவதில்லை.

இறந்த செல்களை அகற்றும் வேலையைத் தோல் தானாகவே செய்துகொள்கிறது. இளம் வயதில் அடியில் பிறக்கும் ஒரு செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய 28 நாள் ஆகும். வயது ஏற ஏற இது மெதுவாகும். அப்போது முகம் சொரசொரப்பாகத் தெரியும். மூக்கோரத் துளைகள் அடைபடும். பூசும் கிரீம் உள்ளே இறங்காது. அந்த உதிர்தலுக்குக் கொஞ்சம் கைகொடுப்பதுதான் ஸ்கிரப்பின் வேலை. நிறத்தை மாற்றுவது அதன் வேலையில்லை. தோல் நிறம் தீர்மானமாவது ஸ்கிரப் தொடும் அந்த மேல் ஏட்டுக்கும் கீழே.

நம் தோலின் குணம் வேறு

1975-ஆம் ஆண்டு, அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக், வெயில் பட்டால் தோல் சிவக்கிறதா, கறுக்கிறதா என்பதை வைத்து அதை வகை பிரித்தார். வெள்ளையர்களை மனத்தில் கொண்டு தொடங்கிய அந்தப் பட்டியலில் மாநிற, கறுநிறத் தோல்களுக்கான வகைகள் பின்னால்தான் சேர்ந்தன. இன்று அது ஆறு வகை. நம்மில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையிலான வகைகளில் வருவோம். வெயிலில் எளிதில் சுருங்காத, சீக்கிரம் கிழடு தட்டாத தோல் இது. ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. பரு, கீறல், சூடு, தேய்ப்பு என எந்தக் காயம் பட்டாலும் இந்தத் தோல் கறுப்பு நிறமியை அதிகமாகச் சுரந்துதான் பதில் சொல்லும். வெள்ளைத் தோலில் ஒரு வாரச் சிவப்பாக முடிவது, நம் தோலில் மாதக்கணக்கில் கறையாக நிற்கும்.

இதற்கு நல்ல சாட்சி ஜப்பானில் இருக்கிறது. நைலான் துண்டால் முதுகையும் தோளையும் அழுத்தித் தேய்த்துக் குளித்தவர்களுக்கு, எலும்பு மேடிட்ட இடங்களில் அலையலையாகக் கறுப்பு படிவதை 1980-களில் அங்குள்ள மருத்துவர்கள் எழுதினார்கள். அழுக்கு என்று நினைத்து அவர்கள் இன்னும் அழுத்தித் தேய்த்தார்கள். கறுப்பு இன்னும் கூடியது. நம் குளியலறையில் தொங்கும் பச்சை நைலான் வலையும் அதே ரகம்தான். உடம்புக்கே இப்படியென்றால், முகத்துக்கு அது வேண்டவே வேண்டாம்.

எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மிதமான சோப்பால் முகம் கழுவித் துடைத்துவிட்டு, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் இருங்கள். பிறகு ஒரு டிஷ்யூவை நெற்றி, மூக்கு, கன்னம் என்று தனித்தனியாக ஒற்றிப் பாருங்கள். எல்லா இடத்திலும் எண்ணெய் படிந்தால் எண்ணெய்ப் பசைத் தோல். எங்குமே படியாமல் தோல் இழுத்துப் பிடித்தால் வறண்ட தோல். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் படிந்தால் கலவைத் தோல். எதைப் பூசினாலும் அரிப்போ எரிச்சலோ வருகிறதென்றால், எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது எளிதில் சீறும் தோல்.

மோட்டார் சைக்கிளில் வெயிலில் வந்து இறங்கியவுடன் சோதித்தால் மலாக்காவில் எல்லாருக்குமே எண்ணெய்ப் பசைதான்! இன்னொன்று: குருபோங், செங், பத்து பெரெண்டாம் வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளின் தோல் ஒரே நாளில் இரண்டு பருவநிலையைப் பார்க்கிறது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முழுக்கக் குளிர்சாதனக் காற்று, மூக்கையும் வாயையும் மூடிய கவசம். வெளியே வந்தால் புழுக்கமும் வெயிலும். கன்னம் வறண்டிருக்கும், கவசம் உரசும் தாடையில் பரு இருக்கும். கன்னத்துக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று என்று நடத்துவதில் தவறே இல்லை. முகம் முழுக்க ஒரே பொருளைத்தான் பூச வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது.

அமிலம் என்றதும் பயப்பட வேண்டாம்

தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு அமிலம் என்றால் ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுவதுதான் நினைவுக்கு வரும். கை பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் மகள் 'ஆசிட்' என்று எழுதிய புட்டியை வாங்கி வந்தால் அம்மா பதறுவது நியாயமே. ஆனால் அளவறிந்து தயாரித்த மிதமான அமிலம், கரடுமுரடான குருணையைவிட நம் தோலுக்குப் பாதுகாப்பானது. வாதுமைக் கொட்டை ஓட்டுத் தூள் போன்ற குருணைகள் தோலை உரசிக் கீறும். அமிலமோ செல்களை ஒட்டி வைத்திருக்கும் பிணைப்பைத் தளர்த்தி, தானாக உதிர விடும். பால், கரும்பு, பழம் ஆகியவற்றில் உள்ள இந்த வகை அமிலங்களைத் தோல் நோய்க்குப் பயன்படுத்தலாம் என்று 1974-இல் வான் ஸ்காட், ரூயி யூ என்ற இருவர் காட்டினார்கள். மீன் செதில்போல் தோல் தடிக்கும் நோய்க்கான மருந்தாகத்தான் அது தொடங்கியது. அழகுக் கடைக்கு வந்தது பிறகு.

எண்ணெய்ப் பசையும் பருவும் உள்ளவர்களுக்கு ஏற்றது சாலிசிலிக் அமிலம். எண்ணெயில் கரைவதால் துளைக்குள் இறங்கி அடைப்பை இளக்கும். அரை முதல் இரண்டு விழுக்காடு வரை போதும். வாரம் இரண்டு இரவு என்று தொடங்கலாம். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வறண்ட தோலுக்கு ஐந்து விழுக்காடு லாக்டிக் அமிலம் நல்லது. உரிப்பதோடு ஈரத்தையும் பிடித்து வைக்கும். பருக்கறை உள்ள கறுநிறத் தோலுக்கு மண்டேலிக் அமிலம் பொருந்தும். அதன் மூலக்கூறு பெரியது. மெதுவாக இறங்குவதால் எரிச்சல் குறைவு. விளம்பரங்களில் அதிகம் பேசப்படும் கிளைக்காலிக் அமிலத்தின் மூலக்கூறு மிகச் சிறியது. வேகமாக இறங்கும், வேகமாகவே எரிக்கவும் செய்யும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை அதுவல்ல. வாங்கியே தீருவேன் என்றால் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகாதீர்கள்.

எளிதில் சீறும் தோலுக்குப் பெரும்பாலும் எதுவும் தேவையில்லை. மென்மையான பருத்தித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து வாரம் ஒரு முறை ஒற்றித் துடைத்தாலே போதும். கன்னத்தில் மங்கு படர்ந்தவர்கள் ஸ்கிரப் பக்கமே போக வேண்டாம். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுபவர்களும் அப்படியே. மருத்துவரைக் கேட்காமல் உரிப்பதோ, வேக்சிங் செய்வதோ கூடாது.

எதைப் போட்டாலும் மறுநாள் சன்ஸ்கிரீன் கட்டாயம். இந்தப் பழ அமிலங்கள் வெயில் தாங்கும் சக்தியைக் குறைத்துவிடும். நிறுத்திய பிறகும் ஒரு வாரம் வரை அந்தக் குறை இருக்கும். பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நம் ஊரில் நண்பகல் வெயிலின் புற ஊதாக் குறியீடு பத்தைத் தாண்டுவது சாதாரணம். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ளதை இரண்டு விரல் நீளம் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். அதற்குக் காசில்லையென்றால் ஸ்கிரப்பை வாங்காதீர்கள். அந்தக் காசில் சன்ஸ்கிரீனை வாங்குங்கள்.

சமையலறையில் இருப்பது

பாட்டி வைத்தியம் எல்லாமே நல்லதும் இல்லை, எல்லாமே கெட்டதும் இல்லை. நன்றாகச் சலித்த பயத்தம் மாவு குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளும் அளவுக்கு மென்மையானது. தயிரில் லாக்டிக் அமிலம் கொஞ்சம் உண்டு. பெரிய பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை. மலாய்க்காரர்களும் நோன்யாக்களும் அரிசியை நாட்கணக்கில் ஊறவைத்துச் செய்யும் பெடாக் செஜுக், வெயிலில் வந்த முகத்துக்கு இதமாக இருக்கும். உரிக்கும் வேலையை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

எலுமிச்சையை மட்டும் முகத்துக்குக் கொண்டு போகாதீர்கள். தோலின் இயல்பான அமிலத்தன்மை ஏறக்குறைய ஐந்து என்ற அளவில் இருக்க, எலுமிச்சைச் சாறு இரண்டை ஒட்டி நிற்கிறது. அது பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் கொப்புளம் வரலாம்; கொப்புளம் ஆறிய பின் கருந்திட்டு தங்கிவிடும். சீனிக் குருணை முழங்காலுக்குச் சரி, முகத்துக்குச் சரியில்லை. சமையல் சோடா எதிர்ப்பக்கம் இழுத்துத் தோலை வறளவைக்கும்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் சவரம் செய்கிறவர் தினமும் தோலை உரிக்கிறார் என்றே பொருள். அதற்கு மேல் ஸ்கிரப் தேவைப்படுவது குறைவு. சுருண்ட தாடி முடி உள்ளே திரும்பி வளர்ந்து, கழுத்தில் கொப்புளம் கொப்புளமாக வந்தால் குருணையால் தேய்க்காமல், சாலிசிலிக் அமிலத்தை வாரம் இரண்டு நாள் பூசிப் பாருங்கள். முடி வளரும் திசையிலேயே மழியுங்கள்.

கழுத்துக் கறுப்பு அழுக்கல்ல

பிள்ளையின் பின்கழுத்தில் வெல்வெட் துணிபோல் தடித்த கறுப்பைப் பார்த்து, "ஒழுங்காகக் குளிக்க மாட்டேங்கிற" என்று திட்டிக்கொண்டே உப்பும் எலுமிச்சையும் வைத்துத் தேய்க்கும் அம்மாக்கள் நம்மிடையே நிறைய. அந்தக் கறுப்பு அக்குளிலும், சிலருக்கு நெற்றிப்பொட்டிலும் கன்னத்து ஓரத்திலும்கூட வரும். அது பெரும்பாலும் உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். எந்த ஸ்கிரப்பும் அதைப் போக்காது. எடை குறைந்து, சர்க்கரை கட்டுப்பட்டால் அது தானாக வெளுக்கத் தொடங்கும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியர்களில் பெரியவர்களுக்கு நீரிழிவு 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆகவே அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவை ஓர் இரத்தப் பரிசோதனை.

பெயர் இல்லாத 'பீலிங்' கிரீம்கள்

பசார் மாலாமிலும் கைப்பேசி வழியாகவும் விற்கும் சில கிரீம்கள் ஒரே வாரத்தில் தோலை உரித்து முகத்தைப் பளபளப்பாக்கும். அந்த வேகமே எச்சரிக்கை. தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ. அவ்வப்போது தடை செய்து அறிவிக்கும் அழகுப் பொருள்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், ஸ்டீராய்டு ஆகியவை திரும்பத் திரும்பப் பிடிபடுகின்றன. பாதரசம் தோலோடு நிற்பதில்லை. கேரளாவின் கோட்டக்கல்லில் உள்ள ஒரு மருத்துவமனையில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு ஒரே மாதிரியான அரிய குறி தென்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கவைக்கும் கிரீம் பூசியவர்கள்.

வாங்கும் முன் புட்டியில் என்.ஓ.டி. என்ற எழுத்துகளில் தொடங்கி கே-யில் முடியும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைப் போலியாகவும் அச்சிடுவார்கள், என்.பி.ஆர்.ஏ. இணையத்தளத்தில் பொருளின் பெயரைப் போட்டு ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். அறிவிக்கப்படாத அழகுப் பொருளை விற்பவருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வழியாக இதை விற்கச் சொல்லி உங்களை அழைத்தால், அதையும் நினைவில் வையுங்கள்.

ஏற்கெனவே முகம் கறுத்து, எரிந்து போயிருந்தால் புதிதாக எதையும் பூசாதீர்கள். வெறும் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் போதும். பழைய கிரீமைப் புட்டியோடு எடுத்துக்கொண்டு அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள். பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளிதான். தேவைப்பட்டால் அங்கிருந்தே தோல் நிபுணருக்குக் கடிதம் தருவார்கள். நீண்ட நாள் பூசிய கிரீமில் ஸ்டீராய்டு இருந்திருந்தால், திடீரென நிறுத்தும்போது முகம் சிவந்து வீங்கக்கூடும். அதற்காகவாவது மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

கல்யாணப் பெண்ணுக்கு மட்டும் ஒரு கணக்கு. புதிய அமிலமோ பார்லர் பீலிங்கோ எதுவானாலும் முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே, முதலில் காதுக்குப் பின்னால் பூசி இரண்டு நாள் பார்த்துத் தொடங்குங்கள். கடைசி இரண்டு வாரம் புதிதாக ஒன்றும் வேண்டாம். நலங்கு மாவு பூசும் அத்தைமாரிடமும், மெதுவாகத் தடவச் சொல்லி முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.