விரலைக் காணாத கண்

தட்டச்சுப் பயிலகத்தின் படியேறியவர்கள், ஊர் எதுவாயினும், முதல் நாளில் கற்பது ஒரே பாடந்தான்: இடக்கை விரல்களை ஏ, எஸ், டி, எஃப் என்னும் விசைகளின்மீதும், வலக்கை விரல்களை செமிகோலன், எல், கே, ஜே என்பவற்றின்மீதும் இருத்தி, சுண்டுவிரலில் தொடங்கி ஆள்காட்டி விரல்வரை வரிசையாகத் தட்டுவது. தமிழ் யந்திரமானால் இடக்கைக்கு அதே இடங்களில் ய, ள, ன, க வாய்க்கும். பொருளற்ற இக்கோவையைத் தாள் தாளாக அடித்து நிரப்புவது வீண் பிரயாசை என்று மாணவனுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றிற்று. ஆனால் அந்த அப்பியாசத்தின் நோக்கம் விரலைப் பழக்குவது மாத்திரமன்று. விசைப்பலகையிலிருந்து கண்ணை விடுதலை செய்வதே அதன் மர்மம்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துக் கிறிஸ்டோபர் ஷோல்ஸ், நண்பர்களுடன் சேர்ந்து 1868-இல் காப்புரிமை பெற்ற யந்திரம், துப்பாக்கி செய்துவந்த ரெமிங்டன் நிறுவனத்தாரின் கைக்கு மாறிச் சந்தைக்கு வந்த பின்னரும், பலர் விசைகளைத் தேடித் தேடியே அடித்துவந்தனர். 1888 ஜூலை 25-ஆம் தேதி சின்சினாட்டி நகரில் நடந்த போட்டியொன்று அவ்வழக்கத்தைக் கலைத்தது. சால்ட் லேக் நகரத்து நீதிமன்றச் சுருக்கெழுத்தாளரான ஃபிராங்க் மெக்கரின், விசைகளின் இருப்பிடத்தை மனனம் செய்து, பலகையைப் பாராமலே அடித்தவர்; அவரை எதிர்த்த லூயி டிராப், பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் தனித்தனி விசை கொண்ட காலிகிராஃப் என்னும் யந்திரத்தில் அமர்ந்தவர். மெக்கரின் எளிதில் வென்றார்.

தமிழில் அடிப்பவனுக்கு இன்னொரு விசேஷப் பயிற்சியும் உண்டு. யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா வகுத்த தமிழ்த் தட்டச்சில் நகரா விசைகள் என்று சில உள்ளன. அவற்றை அழுத்தினால் குறி பதியுமேயன்றித் தாளைத் தாங்கிய வண்டி நகராது. ஆகவே ‘க்’ என்பதற்குப் புள்ளியை முன்னர் அடித்து, அதன் கீழே ‘க’வைப் பின்னர் அடிக்க வேண்டும். எழுதும் முறைக்கு நேர்மாறான இவ்வொழுங்கால், எழுத்து முழுவதும் மனத்தில் உருவான பின்னரே முதல் விசையைத் தொட வேண்டியிருக்கிறது.

பிழைகள் எவ்வாறு நுழைகின்றன? இரு கைகளும் மாறிமாறி விரைகையில் பின்னே வரவேண்டிய எழுத்து முந்திக்கொள்ளும். வலுக்குறைந்த மோதிர விரலும் சுண்டுவிரலும் அண்டையிலுள்ள விசையைத் தொட்டுவிடும். இளநிலைத் தேர்வுக்கு நிமிஷத்திற்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்ற இலக்கைத் துரத்தும் மாணவர் பலர், பிழையோடு விரைந்து, அப்பிழையையே விரலுக்குப் பாடமாக்கிவிடுகின்றனர். தடுமாறிய சொல்லை வேகத்தைப் பாதியாகக் குறைத்துச் சீரான தாளத்தில் திரும்பத் திரும்ப அடிப்பதைவிடச் சிறந்த மருந்து எனக்குத் தெரிந்து வேறில்லை. பொறுமையற்றவர்களுக்கு அது கசக்கும்.

நெடுநாள் பழகியவரிடம் ‘ம’ எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வாய் தயங்கும், மேஜைமேல் விரல்தான் அசைந்து பதில் சொல்லும். ஞாபகம் அவ்வளவு ஆழத்தில் இறங்கிவிட்டபடியால், சில வருஷம் யந்திரத்தைத் தொடாதிருந்தாலும் கை இடத்தை எளிதில் மறப்பதில்லை.

வயது ஏறினால் என்ன ஆகும்? அமெரிக்க உளவியலறிஞர் டிமதி சால்ட்ஹவுஸ் 19 முதல் 72 வயதுவரையிலான தட்டச்சர்களைச் சோதித்து 1984-இல் தம் முடிவை வெளியிட்டார். முதியவர்களின் விரல்கள் தனித்த சோதனைகளில் மந்தமாகவே அசைந்தன. எனினும் பிரதி பார்த்து அடிக்கையில் அவர்கள் இளைஞருக்குப் பின்தங்கவில்லை. காரணம், விரல் ஓரெழுத்தில் நிற்கும்போதே அவர்களுடைய கண் இளைஞர் பார்ப்பதைவிட அதிக எழுத்துகள் தள்ளி முன்னே சென்றுவிட்டிருந்தது. முன்னே உள்ள எழுத்துகளை மறைத்துச் சிலவற்றை மட்டும் காட்டியபோது, அந்த அனுபவசாலிகளின் வேகமும் தளர்ந்துபோயிற்று.