42 வயதில் ஒலிம்பிக் வீராங்கனை!

"கல்யாணமாகிக் குழந்தையும் பிறந்த பிறகு பந்தாட்டம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு, சகோதரிகளே, உக்ரேன் நாட்டுக் கீவ் நகரின் 'ஸ்பார்ட்டக்' கோஷ்டியைச் சொல்லுங்கள்.

அணிக்கு 7 பேர்; பந்தைக் கையால் எறிந்து கோல் போடவேண்டும். அதுதான் ஹாண்ட்பால். பயிற்சியாளர் இகோர் துர்ச்சின் பள்ளிச் சிறுமிகளைச் சேர்த்து உருவாக்கிய கோஷ்டி இது. 1969 முதல் 1988 வரை, வருஷம் தவறாமல் 20 முறை அன்றைய ஸோவியத் நாட்டின் சாம்பியன்! ஐரோப்பியக் கோப்பையோ 13 தடவை!

அந்தச் சிறுமிகளில் ஒருவரான ஜினைடா, பின்னர் பயிற்சியாளரையே மணந்தார். 1976-ல் மான்ட்ரீலிலும் 1980-ல் மாஸ்கோவிலும் ஒலிம்பிக் தங்கம் பெற்றார். இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பின், 1988-ல் ஸியோலில் வெண்கலம் வென்றபோது அவருக்கு வயது 42!

உங்கள் பெண் பந்தும் கையுமாக மைதானத்தில் நின்றால், "அடுப்பைக் கவனிக்க வா" என்று கூப்பிட அவசரப்படாதீர்கள்!