கடைக் கணினித் திரையில் ஏவலும் வியங்கோளும்: பணியாளர் மென்பொருளின் சொல்லமைப்பு

சில்லறை வணிக நிறுவனங்கள் தம் பணியாளர்க்கென அமைக்கும் மென்பொருளை வாடிக்கையாளர் காண்பதில்லை. பில் போடுதல், சரக்கை வரவு வைத்தல், இருப்பெடுத்தல், நாள் முடிவில் காசுக் கணக்கை ஒப்படைத்தல் ஆகியன அதனுள்ளேயே நிகழ்கின்றன. வாடிக்கையாளருக்கான செயலி பிடிக்கவில்லையெனில் அவர் வேறு கடையை நாடலாம். பணியாளருக்கு அத்தெரிவு இல்லை. காசுப்பெட்டியில் குறையும் தொகையைக் காசாளரின் ஊதியத்தில் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் பல கடைகளில் உண்டு. ஆதலின் திரையில் உள்ள ஒரு சொல் மயக்கம் தருமாயின் அதன் இழப்பு அவரையே சேர்கிறது.

பன்னாட்டுத் தர அமைப்பின் 9241-11 என்னும் தரவரையறை (1998, திருத்தம் 2018) பயன்பாட்டு எளிமையைப் பொதுப்பண்பாகக் கொள்ளவில்லை. குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட நோக்கம், குறிப்பிட்ட சூழல் ஆகியவற்றோடு சார்த்தியே அதை அளக்கிறது. யாக்கோப் நீல்சன் 1994இல் செப்பமாக்கிய பத்து நெறிகளுள் ஒன்று, கருவி பயனர் அறிந்த சொற்களிலேயே பேச வேண்டும் என்பதாகும். இந்நெறியைத் தமிழுக்குப் பொருத்துங்கால் கலைச்சொல் பட்டியல் மட்டும் போதாது, இலக்கணமும் வேண்டும்.

புதுச்சேரி–கடலூர் சாலையில் உள்ள தவளக்குப்பம் போன்ற ஊரின் பல்பொருள் அங்காடி ஒன்றைக் கருதுக. மாலைக் கூட்டத்தில் காசாளர் ஒரு பில்லைக் கைவிட முனைகிறார். திரை, ‘பில்லை ரத்து செய்யவா?’ என்று வினவி, ‘சரி’, ‘ரத்து’ என இரு பொத்தான்களைக் காட்டுகிறது. இரண்டாவதை அழுத்தினால் பில் ரத்தாகுமா, ரத்து செய்யும் எண்ணம் ரத்தாகுமா? ஆங்கிலத்தில் ஒரே சொல் இரு வினைகளுக்கும் நிற்பதால், சொல்லுக்குச் சொல் பெயர்த்தவர் இம்மயக்கத்தைத் தமிழுக்கும் கொணர்கிறார். ‘ரத்து செய்’, ‘வேண்டாம்’ என்று வைத்தால் சிக்கல் தீரும். ஒரு பொருளை மட்டும் எடுப்பதற்கு ‘நீக்கு’ என்றும், வாடிக்கையாளர் மறந்த பொருளை எடுக்கச் செல்லும்போது ‘நிறுத்திவை’ என்றும் தனித்தனிச் சொற்கள் அமைதல் நன்று.

அடுத்து, யார் யாரை ஏவுகிறார் என்பது நோக்கத்தக்கது. தமிழ் மென்பொருள்களில் ‘சேமி’, ‘சேமிக்க’, ‘சேமிக்கவும்’ என்னும் மூன்று வடிவங்களும் கலந்து வழங்குகின்றன. பொத்தானை அழுத்துபவர் கருவிக்கு ஆணையிடுகிறார். எனவே ‘சேமி’ என்னும் ஏவல் ஒருமையே அங்குப் பொருந்தும். கருவியிடம் மரியாதை காட்ட வேண்டியதில்லை. கருவி பணியாளரிடம் பேசும் இடமோ வேறு. அங்கே ‘எடையைப் பதி’ என்பது அதட்டலாக ஒலிக்கும். ‘எடையைப் பதியவும்’ என்பதே தகும். தொல்காப்பியம் தன்மை, முன்னிலை இடங்களுக்கு வியங்கோளை விலக்க, நன்னூல் இடம் பால் எல்லாவற்றிற்கும் உரித்தாக்கியது. இக்காலத்தில் ‘பதியவும்’ போன்ற வடிவம் முன்னிலையாரிடம் வேண்டற்பொருளில் இயல்பாக வழங்குகிறது. ‘தவறான உள்ளீடு’ என்று குற்றம் சாட்டி நிற்பதினும், ‘எடை விடுபட்டுள்ளது, பதியவும்’ என்பது குறையையும் தீர்வையும் ஒருங்கே கூறும்.

சொல்தேர்வில் தூய்மைவாதம் இங்கு உதவாது என்றே கூறவேண்டும். பிரெஞ்சு ஆட்சியின் எச்சமாக ‘மேரி’, ‘சொல்தா’ முதலிய சொற்களைத் தன்வயமாக்கிக்கொண்ட புதுச்சேரிக்கு இது புதிதன்று. கடையில் ‘பில்’, ‘ஸ்டாக்’ என்று பேசுபவர் முன் ‘விலைப்பட்டி’ என்னும் சொல் தோன்றினால் அவர் ஒரு கணம் தயங்குவார். ஆனால் ‘வரவு’, ‘இருப்பு’, ‘பாக்கி’ ஆகியவை வணிகரிடையே இன்றும் உயிருடன் உள்ளன. அவற்றை விடுத்து ஆங்கிலத்தை ஒலிபெயர்ப்பதும் பிழையே.

தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகள் இதற்குப் பரந்த சான்றாகும். 2017இல் மின்னணுக் குடும்ப அட்டையும் விற்பனை முனையக் கருவியும் நடைமுறைக்கு வந்தன. 2020 அக்டோபரில் விரல்ரேகைப் பதிவு சேர்ந்தது. வரிசையில் நிற்போருக்கு விடை கூறிக்கொண்டே பில் போடும் விற்பனையாளருக்கு, கூடும் ஒவ்வொரு படியும் காத்திருப்பை நீட்டிக்கிறது. திரைச்செய்தி எத்துணைச் சுருங்கியதாக இருக்க வேண்டும் என்பதை இச்சூழலே முடிவு செய்கிறது.

தேடல் வசதியும் இவ்வாறே. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பயின்ற காசாளர் சிலரே. துவரம்பருப்பை ஒருவர் தமிழில் தேடுவார். ஒருவர் ஆங்கில எழுத்தில் ‘துவரம்’ என்று ஒலிப்படி அடிப்பார். மற்றொருவர் ‘தூர் தால்’ என்பார். மூன்றும் ஒரே சரக்கைக் காட்ட வேண்டும். 58 மில்லிமீட்டர் அகலமுள்ள பில் தாளில் நீண்ட தமிழ்ப் பெயர் மடிந்து அடுத்த வரிக்குச் செல்வதால், குறும்பெயரையும் முன்னரே வகுத்தல் தேவை.

இவற்றை அலுவலகத்தில் அமர்ந்து முடிவு செய்ய இயலாது. பார்கோடு இல்லாத காய்கறி, அரிசி வகைகளின் எண்களைப் பணியாளர் ஒரு தாளில் எழுதி எடைக்கருவியின் அருகே ஒட்டிவைப்பதுண்டு. வடிவமைப்பாளர் முதலில் படிக்க வேண்டியது அத்தாளையே. மென்பொருள் தராமல் விட்டவற்றுள் பல அதில் பணியாளரின் கையெழுத்திலேயே இருக்கும்.