தடித்து வளரும் தழும்பு: எந்தச் சிகிச்சை பொருந்தும்?

செல் பட்ட காயம், எரிகாயம், சத்திரசிகிச்சைத் தையல் ஆகியவை ஆறிய பின்னரும் சிலருக்குத் தழும்பு தடித்து வளர்ந்துகொண்டே போகும். அது கடிக்கும், நோகும், தோலை இழுக்கும். இது தொற்றுநோய் அல்ல, புற்றுநோயும் அல்ல. சிகிச்சை உண்டு. ஆனால் ஒரே நாளில் முடியும் சிகிச்சை இல்லை.

எது கீலொயிட்?

காயம் இருந்த எல்லைக்குள் மட்டும் தடித்திருந்தால் அது சாதாரண தடித்த தழும்பு. காலப்போக்கில் தானாகத் தணியலாம். எல்லையைத் தாண்டி நல்ல தோலிலும் பரவினால் அது கீலொயிட். காயம் ஆறிப் பல மாதங்களின் பின்னரும் இது தொடங்கலாம். தானாகக் குறைவது அரிது. நெஞ்சு, தோள், மேல்முதுகு, காதுச் சோணை ஆகிய இடங்களிலேயே அதிகம் வரும்.

சிகிச்சை முறைகள்

சிலிக்கன் தாள்: தழும்பின் மேல் ஒட்டுவது. நோவில்லை. நாளுக்கு 12 மணித்தியாலத்துக்குக் குறையாமல், சில மாதங்கள் ஒட்ட வேண்டும். புதிய தழும்புக்கு ஏற்றது. திறந்த புண்ணில் ஒட்டக்கூடாது. வெளியில் வாங்க வேண்டி வரலாம்.

அழுத்த உடை: பெரிய எரிகாயத் தழும்புகளுக்கு உதவும். இரவு பகலாகப் பல மாதங்கள் அணிய வேண்டும். வெயில் காலத்தில் சிரமம்தான்.

ஸ்டீரொயிட் ஊசி: கீலொயிட்டுக்கு வழக்கமாக முதலில் கொடுப்பது இதுவே. 4 முதல் 6 கிழமைக்கு ஒருமுறை, பல தடவைகள் போடப்படும். கடியும் நோவும் குறையும், தழும்பு தட்டையாகும். ஊசி நோகும், அந்த இடத்தில் தோல் மெலியலாம், வெளிறலாம். நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

உறையவைத்தல்: திரவ நைதரசனால் செய்வது. சிறிய தழும்புகளுக்குப் பொருந்தும். கறுத்த தோலில் வெள்ளைத் தடம் விழலாம்.

சத்திரசிகிச்சை: வெட்டி எடுப்பதை மட்டும் செய்தால் கீலொயிட் பெரும்பாலும் திரும்ப வரும், முன்பைவிடப் பெரிதாகவும் வரலாம். எனவே, வெட்டிய பின் ஊசியோ கதிர்வீச்சோ தரப்படுமா என்று கேட்ட பிறகே சம்மதியுங்கள்.

சுண்ணாம்பு, அசிட் போன்றவற்றைப் பூசிக் கரைக்கப் பார்க்க வேண்டாம். அந்தப் புண்ணே புதிய கீலொயிட்டாக வளரலாம்.

ஊர் திரும்பும்போது

ஊசி தொடங்கியவர்கள் இடம் மாறும்போது பாதியில் விடுவதுண்டு. பாதியில் விட்டால் தழும்பு மீண்டும் வளரலாம். புறப்படும் முன் கிளினிக் கொப்பியையும் நோய் நிர்ணய அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை ஊசி போட்டாயிற்று, அடுத்தது எப்போது என்று எழுதித் தரும்படி கேளுங்கள். உங்கள் ஊருக்குக் கிட்டிய அரச வைத்தியசாலையில் அதைக் காட்டினால், தோல் நோய் அல்லது பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை கிளினிக்குக்கு அனுப்புவார்கள். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை.

உடம்பில் செல் துண்டு இன்னும் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தழும்பு மறைவான இடத்தில் இருந்தால், பெண்கள் தம்மோடு ஒரு பெண் தாதி நிற்க வேண்டும் என்று கேட்கலாம்.

பழைய எரிகாயத் தழும்பில் ஆறாத புண் வந்தால் தாமதிக்க வேண்டாம். அதை வைத்தியர் உடனே பார்க்க வேண்டும்.

குடும்பத்தில் ஒருவருக்குக் கீலொயிட் இருந்தால் பிள்ளைகளுக்கும் வரக்கூடும். காது குத்துவதற்கு முன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.