உங்களுக்குத் தெரியுமா? – மியான்மர்: பறிபோன வாக்கு, பணியாத மக்கள்

2021 பிப்ரவரி 1, திங்கட்கிழமை. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மியான்மர் நாடாளுமன்றம் அன்று காலை கூட வேண்டும். பொழுது விடிவதற்குள் ஆட்சி ராணுவத்தின் கைக்குப் போய்விட்டது. அருணாச்சலம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் என நம் நான்கு மாநிலங்களோடு 1,643 கி.மீ. எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் பக்கத்து நாடு அது. அங்கே ஓட்டுப் போட்ட மக்கள் வெறுங்கையோடு எப்படி எதிர்த்து நின்றார்கள், அதற்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

விடிவதற்குள் கவிழ்ந்த ஆட்சி

● 2020 நவம்பர் 8 அன்று நடந்த பொதுத்தேர்தலில், வாக்குப்பதிவு நடந்த 476 இடங்களில் ஆங் சான் சூச்சியின் தேசிய ஜனநாயக லீக் 396 இடங்களை அள்ளியது. ராணுவத்தின் ஆதரவு பெற்ற கட்சிக்குக் கிடைத்தவை வெறும் 33. தேர்தலில் மோசடி என்று ராணுவம் புகார் கிளப்பியது. முடிவையே மாற்றும் அளவுக்கு எந்த முறைகேடும் இல்லை என்று தேர்தல் ஆணையம் ஜனவரி 28 அன்று மறுத்தது. அடுத்த நான்கே நாளில் தலைவர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

● அரசியல் சட்டப்படி நெருக்கடி நிலையை அறிவிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கு மட்டுமே உண்டு. அன்று விடியற்காலை குடியரசுத் தலைவர் வின் மியின்ட்டிடம் இரண்டு ராணுவ அதிகாரிகள் வந்து, உடல்நிலை சரியில்லை என்று காரணம் காட்டிப் பதவி விலகச் சொன்னார்கள். அவர் உறுதியாக மறுத்துவிட்டார். இதைப் பின்னர் நீதிமன்றத்தில் அவரே சொன்னார். அவரைக் காவலில் வைத்துவிட்டு, ராணுவம் நியமித்த துணைத் தலைவர் மியின்ட் ஸ்வேயைப் பொறுப்புத் தலைவராக்கினார்கள். அவர் போட்ட கையெழுத்தில் மொத்த அதிகாரமும் தலைமைத் தளபதி மின் ஆங் லைங்கிடம் போய்ச் சேர்ந்தது.

● அந்தத் தளபதி 65 வயதாகி ஓய்வு பெற வேண்டிய மாதம் 2021 ஜூலை. ஆட்சியைப் பிடித்தது அதற்கு ஐந்து மாதம் முன்பு.

● சூச்சி மீது முதலில் போடப்பட்ட வழக்கு என்ன தெரியுமா? வீட்டில் வாக்கி-டாக்கி வைத்திருந்தார் என்பது! குடியரசுத் தலைவர் மீதான வழக்கு, தேர்தல் நேரத்தில் கொரோனா விதிகளை மீறி ஆதரவாளர்களைச் சந்தித்தார் என்பது. வழக்குகள் அடுக்கப்பட்டு சூச்சிக்கு விதிக்கப்பட்ட மொத்தத் தண்டனை 33 ஆண்டுகள். 2023-ல் அது 27 ஆகக் குறைக்கப்பட்டது.

● தலைநகர் நேபிடாவில் உடற்பயிற்சி ஆசிரியை ஒருவர், அன்று காலையும் வழக்கம்போல் நாடாளுமன்றச் சாலையில் நின்று நடனப் பயிற்சியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இசைக்கு ஏற்ப அவர் ஆடிக்கொண்டிருக்க, அவருக்குப் பின்னால் கறுப்பு வண்டிகள் வரிசையாக நாடாளுமன்றத்தை நோக்கிப் போயின. என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஓர் ஆட்சி கவிழ்வதை உலகம் அந்தக் காணொளியில்தான் பார்த்தது.

அறுபது ஆண்டுப் பழைய கணக்கு

● மியான்மர் ராணுவம் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. 1958-ல் இடைக்கால அரசின் பொறுப்பேற்ற தளபதி நீ வின், 1960 தேர்தலில் வென்ற ஊ நுவிடம் அதிகாரத்தை ஒப்படைத்தார். இரண்டே ஆண்டில், 1962 மார்ச் 2 அன்று, அதே நீ வின் அதே ஊ நுவின் ஆட்சியைக் கவிழ்த்தார்.

● அந்த ஆண்டு ஜூலை 7 அன்று ரங்கூன் (இன்றைய யாங்கூன்) பல்கலைக்கழகத்தில் போராடிய மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடமே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. விடுதலைப் போரின் தலைவர் ஆங் சான் உருவான இடம் அது.

● நீ வின் ஆட்சியில் கடைகள், ஆலைகள், வங்கிகள் எல்லாம் அரசுடைமை ஆகின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் சுமார் 3 லட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களில் தமிழர்கள் ஏராளம். சென்னை பாரிமுனையின் பர்மா பஜார், தெருவோரத்து அத்தோ கடைகள், வியாசர்பாடியின் பர்மா குடியிருப்புகள் எல்லாம் அந்த ஆட்சிக் கவிழ்ப்பின் தொடர்ச்சிதான். பிறந்த மண்ணுக்கே திரும்பிவிட நினைத்து எல்லை வரை போய், தடுக்கப்பட்டு, அங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. மணிப்பூரின் மோரே ஊரில் அங்காள பரமேஸ்வரி கோயில் எழுந்தது அப்படித்தான்.

● 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று திடீரென அறிவிக்கப்பட்டது. மாற்றிக்கொள்ளவும் வழியில்லை. மக்களின் சேமிப்பு ஒரே நாளில் காகிதமானது. பதிலாக வந்தவை 45, 90 கியாட் நோட்டுகள். இரண்டும் 9-ஆல் வகுபடும் எண்கள். 9 தனக்கு ராசியான எண் என்று நீ வின் நம்பினார்!

● 1988 மார்ச்சில் ரங்கூன் தேநீர்க் கடை ஒன்றில் எந்தப் பாட்டைப் போடுவது என்று மாணவர்களுக்கும் உள்ளூர் இளைஞர்களுக்கும் தகராறு. காவல்துறை தலையிட்ட விதத்தில் பொறி பற்றி, மாணவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்தே மாதத்தில் அது நாடு தழுவிய எழுச்சியானது. 8-8-88 என்ற தேதி வரலாற்றில் நின்றது. செப்டம்பர் 18 அன்று ராணுவம் மீண்டும் நேரடியாக ஆட்சியில் அமர்ந்தது. அந்த எழுச்சியில் உயிரிழந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

● 1990 தேர்தலில் 485 இடங்களில் 392 இடங்களைச் சூச்சியின் கட்சி வென்றது. ராணுவம் ஆட்சியை ஒப்படைக்கவே இல்லை. 2021-ல் பறிக்கப்பட்டது, அம்மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட இரண்டாவது தேர்தல் வெற்றி.

● 2007-ல் எரிபொருள் விலை உயர்வை எதிர்த்துத் தொடங்கிய போராட்டத்தைப் பௌத்தத் துறவிகள் கையில் எடுத்தார்கள். ராணுவத்தினரிடமிருந்து இனி பிச்சை ஏற்பதில்லை என்று திருவோட்டைக் கவிழ்த்துப் பிடித்தபடி வீதியில் நடந்தார்கள். துறவிக்கு உணவிட்டுப் புண்ணியம் தேடும் பௌத்தருக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

● அந்தப் போராட்டத்தைப் படம் பிடித்த ஜப்பானியச் செய்தியாளர் ஒருவர் யாங்கூன் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். காணாமல் போன அவருடைய கேமரா, 16 ஆண்டுகள் கழித்து 2023-ல் அவர் சகோதரியின் கைக்கு வந்து சேர்ந்தது.

● 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிணங்கள் ஒதுங்கிக் கிடந்த அதே மாதத்தில் ராணுவம் புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடத்தியது! அந்தச் சட்டப்படி நாடாளுமன்றத்தின் 25 சதவீத இடங்கள் சீருடைக்காரர்களுக்கு. முக்கியப் பிரிவுகளைத் திருத்த 75 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட அத்தனை பேரும் கைதூக்கினாலும் ஒரு ராணுவ உறுப்பினராவது சம்மதிக்காமல் எதுவும் நகராது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் ஆகிய மூன்று அமைச்சகங்களும் ராணுவத்துக்கே. மக்களாட்சி வந்துவிட்டது என்று உலகம் கொண்டாடிய ஆண்டுகளிலும் துப்பாக்கியும் சிறைச்சாலையும் மக்கள் பிரதிநிதிகளின் கட்டுப்பாட்டில் இல்லை.

பாத்திரமும் கைலியும் ஆயுதமான கதை

● ஆட்சி கவிழ்ந்த மறுநாள் இரவு 8 மணி. யாங்கூன் வீடுகளின் மாடங்களிலும் ஜன்னல்களிலும் மக்கள் வந்து நின்று பாத்திரங்களையும் சட்டிகளையும் கரண்டியால் ஓங்கித் தட்டினார்கள். தீய ஆவிகளை ஓசை எழுப்பி விரட்டுவது அங்கே பரம்பரை வழக்கம். அன்று முதல் இரவு தவறாமல் அந்த ஓசை கேட்டது.

● முதலில் வேலையை விட்டு வெளியேறியவர்கள் அரசு மருத்துவமனைகளின் டாக்டர்களும் செவிலியர்களும். நெஞ்சில் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டார்கள். ரயில்வே, வங்கி, மின்துறை ஊழியர்களும் ஆசிரியர்களும் பின்தொடர்ந்தார்கள். 2021 மே மாதத்துக்குள் 1,25,000-க்கும் அதிகமான பள்ளி ஆசிரியர்கள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள் என்று ஆசிரியர் கூட்டமைப்பு தெரிவித்தது. சம்பளத்தையும் அரசுக் குடியிருப்பையும் ஒருசேர இழந்த குடும்பங்கள் எத்தனையோ!

● பிப்ரவரி 17 அன்று யாங்கூனின் முக்கியச் சாலைகளிலும் பாலங்களிலும் நூற்றுக்கணக்கான கார்கள் ஒரே நேரத்தில் ‘பழுதாகி’ நின்றன. முன்மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஓட்டுநர்கள் ஓரமாக நின்றுகொண்டார்கள். ராணுவ வண்டிகளும், வேலைக்குப் போக நினைத்த அரசு ஊழியர்களும் நகர முடியவில்லை.

● 22-2-2021 அன்று நாடு முழுவதும் பொது வேலைநிறுத்தம். தேதியில் ஐந்து 2 வருவதைப் பாருங்கள். 8-8-88 எழுச்சியை நினைவூட்டவே அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். லட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள்.

● பெண்கள் இடுப்பில் உடுத்தும் கைலியின் அடியில் ஆண் நடந்து போனால் அவனுடைய வலிமை போய்விடும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. பெண்கள் அதையே கேடயமாக்கினார்கள். தெருவின் குறுக்கே கொடி கட்டி வரிசையாகக் கைலிகளைத் தொங்கவிட்டார்கள். சிப்பாய்கள் அவற்றை அறுத்து இறக்கிவிட்டுத்தான் தெருவுக்குள் வர முடிந்தது. பெண்ணை இழிவாக்கிய நம்பிக்கை, 2021 மார்ச் 8 மகளிர் தினத்தன்று தெருக்களில் கொடியாகவே பறந்தது.

● மூன்று விரல் உயர்த்தும் வணக்கம் ‘ஹங்கர் கேம்ஸ்’ ஹாலிவுட் படத்திலிருந்து வந்தது. 2014-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தாய்லாந்துப் போராட்டக்காரர்கள் முதலில் கையாண்டார்கள். 2021 பிப்ரவரி 26 அன்று ஐ.நா. பொதுச்சபையில் மியான்மர் தூதர் சா மோ துன் தன் பேச்சின் முடிவில் அந்த மூன்று விரலை உயர்த்தினார். மறுநாள் ராணுவம் அவரைப் பதவி நீக்கியது. ஆனாலும் ஐ.நா.வில் அந்த நாற்காலி அவரிடமே தொடர்ந்தது.

● மார்ச் 24 அன்று நடந்தது மௌனப் போராட்டம். கடைகள் திறக்கவில்லை, வீதியில் ஆள் நடமாட்டம் இல்லை. கூட்டம் கூடினால்தானே சுட முடியும்?

கொடுத்த விலை

● நேபிடாவில் தண்ணீர் பீய்ச்சும் வண்டிக்கு ஒதுங்கி நின்ற இளம்பெண் ஒருவர் பிப்ரவரி 9 அன்று தலையில் சுடப்பட்டார். மருத்துவமனையில் நினைவின்றிக் கிடந்தபோதே அவருக்கு 20-வது பிறந்தநாள் வந்து போனது. பத்தாம் நாள் உயிர் பிரிந்தது.

● மார்ச் 27 அங்கே ராணுவ தினம். 1945-ல் ஜப்பானியரை எதிர்த்து ஆங் சான் படை கிளர்ந்தெழுந்த நாள். 2021-ல் அதே நாளில் நேபிடாவில் அணிவகுப்பு நடந்துகொண்டிருக்க, நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குழந்தைகளும் அவர்களில் அடக்கம்.

● 2022 ஜூலையில் நான்கு பேருக்குத் தூக்குத்தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஒருவர் ராப் பாடகராக இருந்து நாடாளுமன்ற உறுப்பினரான பியோ சேயா தோ. இன்னொருவர் 1988 மாணவர் எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான கோ ஜிம்மி. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்நாட்டில் நிறைவேறிய மரண தண்டனை அது.

● 2023 ஏப்ரல் 11 அன்று சகாயிங் பகுதியின் பாசிஜி கிராமத்தில் கூடியிருந்த மக்கள் மீது விமானத்திலிருந்து குண்டு வீசப்பட்டது. 160-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

● அமைதிப் போராட்டம் தோட்டாவால் நசுக்கப்பட்டபோது இளைஞர்கள் பலர் காட்டுக்குப் போய் ஆயுதம் ஏந்தினார்கள். 2023 அக்டோபர் 27 அன்று மூன்று இனக் குழுப் படைகள் கூட்டாகத் தொடங்கிய தாக்குதலில் ராணுவம் ஊர்களையும் முகாம்களையும் வரிசையாக இழந்தது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

● அரசியல் கைதிகளுக்கான உதவிச் சங்கத்தின் பதிவுப்படி கொல்லப்பட்டோர் 6,000-ஐத் தாண்டிவிட்டார்கள். உள்நாட்டிலேயே வீடிழந்து தவிப்போர் 30 லட்சத்துக்கும் அதிகம்.

மனம் மாறியவர்கள், கதவு திறந்தவர்கள்

● 2017-ல் ராணுவத் தாக்குதலுக்கு அஞ்சி 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடியபோது, பெரும்பான்மை மக்கள் பேசாமல் இருந்தார்கள். 2019-ல் தி ஹேக் நீதிமன்றத்தில் தன் நாட்டின் சார்பில் வாதாடியவர் சூச்சியே. அதே துப்பாக்கி தங்கள் பக்கம் திரும்பியபோது, இளைஞர்கள் பலர் ரோஹிங்கியாக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். மக்கள் பிரதிநிதிகள் அமைத்த தேசிய ஒற்றுமை அரசு 2021 ஜூனில் அவர்களுக்குக் குடியுரிமை தருவதாக உறுதியளித்தது.

● எல்லை தாண்டி வந்த சின் இன மக்களை மிசோரம் அரவணைத்தது. அகதிகளைத் திருப்பி அனுப்ப முடியாது என்று அப்போதைய முதல்வர் ஜோரம்தங்கா பிரதமருக்கே கடிதம் எழுதினார். 30,000-க்கும் மேற்பட்டோருக்கு அந்தச் சின்ன மாநிலம் இடம் கொடுத்தது.

● 2023 மார்ச்சில் சூச்சியின் கட்சி கலைக்கப்பட்டது. அந்தக் கட்சியைத் தவிர்த்துவிட்டு, 2025 டிசம்பர் 28 அன்று முதல் கட்ட வாக்குப்பதிவை ராணுவம் நடத்தியது. வென்றவரைச் சிறையில் அடைத்துவிட்டு நடத்துவது தேர்தல் ஆகாது.

மக்கள் தேர்ந்தெடுத்தவர்களின் கட்டுப்பாட்டுக்குள் ராணுவம் இல்லாத நாட்டில் வாக்குச்சீட்டுக்குப் பாதுகாப்பு இல்லை. மியான்மர் அறுபது ஆண்டுகளாகச் சொல்லும் பாடம் இதுதான். நம் எல்லைக்கு வந்து நிற்கும் மியான்மர் அகதியை ஊடுருவியவராகப் பார்க்காதீர்கள். ஓட்டுப் போட்ட குற்றத்துக்காக வீடிழந்தவராகப் பாருங்கள்.