செவ்வாய்ல புயல் அடிச்சா குடை பறக்குமா?

ஹாஸ்டல்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஆறு பேர் ஒரே லேப்டாப்பைச் சுத்தி உட்கார்ந்து 'தி மார்ஷியன்' பார்த்தோம். எனக்கு அது ஏழாவது தடவை. "ஹாலிவுட்லயே சயின்ஸை இவ்ளோ சுத்தமா எடுத்த படம் கிடையாது"ன்னு பில்டப் குடுத்து எல்லாரையும் உட்கார வெச்சவனும் நான்தான்.

ஆரம்பத்துலயே புழுதிப் புயல் வரும். ஆன்டெனா பிய்ச்சுக்கிட்டு வந்து மேட் டேமனை அடிச்சுத் தூக்கிட்டுப் போகும், ராக்கெட் சாய ஆரம்பிக்கும். அங்க ரூம்மேட் ஸ்பேஸ்பாரைத் தட்டிட்டான். மெக்கானிக்கல்காரன். "மச்சி, செவ்வாய்ல காத்தே கிடையாதேடா, அப்புறம் எங்கிருந்து புயல்?"

"இருக்குடா, கம்மியா இருக்கு."

"எவ்ளோ கம்மி?"

அங்கதான் மாட்டினேன்.

செவ்வாயோட தரைமட்டத்துல ஒரு கன மீட்டர் காத்து சுமார் 20 கிராம்தான் இருக்கும். பூமியில அதே ஒரு கன மீட்டர் 1.2 கிலோ. கிட்டத்தட்ட 60 மடங்கு வித்தியாசம். காத்து நம்மளத் தள்ளுற அழுத்தத்துக்கு ஃபுளூயிட் மெக்கானிக்ஸ்ல ஒரு ஃபார்முலா உண்டு: அடர்த்தியில பாதி, பெருக்கல் வேகத்தோட வர்க்கம். இன்டர்னலுக்கு மனப்பாடம் பண்ணி அடுத்த நாளே மறந்தது. கதையில வர்ற காத்தோட வேகம் மணிக்கு 175 கி.மீ. பூமியில அந்த வேகத்துல காத்து அடிச்சா, எதிர்ல நிக்கிற ஆள் மேல சுமார் 100 கிலோ எடை சாய்ஞ்ச மாதிரி இருக்கும். செவ்வாய்ல? ஒண்ணே முக்கால் கிலோ. பூமிக் கணக்குல சொன்னா மணிக்கு 22 கி.மீ. காத்து, அதாவது காலேஜ் ரோட்டுல சைக்கிள் மிதிக்கும்போது முகத்துல படுற காத்து. சைக்கிள் காத்துல ராக்கெட் சாயுமா? இத்தனைக்கும் அங்க நிஜமான புயல்கள்ல காத்து மணிக்கு 100 கி.மீ. பக்கம்தான் போகும்.

ரூம்மேட் ஜெயிச்சிட்டான். எனக்கு மூஞ்சி தொங்கிடுச்சு.

ஆனா இதுல ஒரு விஷயம். கதையை எழுதின ஆன்டி வியருக்கு இது தெரியாம இல்ல. தெரிஞ்சே எழுதினதா அவரே பேட்டிகள்ல ஒத்துக்கிட்டிருக்கார். ராக்கெட் இன்ஜின் டெஸ்ட்ல வெடிவிபத்துன்னு ஒரு மாற்று ஆரம்பம்கூட யோசிச்சு வெச்சிருந்தாராம். ஆனா முதல் அடியை மெஷின் அடிக்கக்கூடாது, செவ்வாயே அடிக்கணும்னு நினைச்சார். எனக்கு இது ஓகே. ஒரு கதைக்கு ஒரு பொய் அலவ் பண்ணலாம், அதுக்கப்புறம் ஒழுங்கா கணக்குப் போட்டா. (உருளைக்கிழங்கு சண்டைக்குள்ள நான் வரல. அது தனிக் கட்டுரை.)

என்னோட குறை வேற. படத்தைப் பார்த்தவங்க செவ்வாய்ப் புயல்னா அடிச்சுத் தூக்கிட்டுப் போகும்னு நினைச்சுப் பயப்படுறாங்க. நிஜப் புயல் யாரையும் தூக்காது. வெளிச்சத்தை அணைச்சிடும்.

அங்க இருக்கிற தூசி மணல் மாதிரி கிடையாது, புகை மாதிரி அவ்ளோ நைஸ். ஈர்ப்பு விசையும் பூமியில 38 சதவீதம்தான். ஒருமுறை மேல போன தூசி லேசுல கீழ இறங்காது. வெயில்ல அந்தத் தூசி சூடாகும், அது சுத்தியிருக்கிற காத்தைச் சூடாக்கும், சூடான காத்து இன்னும் வேகமா வீசி இன்னும் தூசியைக் கிளப்பும். சில சமயம் இது முழு கிரகத்தையும் மூடிடும். 1971 நவம்பர்ல நாசாவோட மாரினர் 9 செவ்வாயைச் சுத்த ஆரம்பிச்சப்போ கீழே ஒண்ணுமே தெரியல. தூசிக்கு மேல ராட்சத எரிமலைகளோட உச்சி மட்டும் எட்டிப் பார்த்தது. அவ்ளோ தூரம் போயும், தூசி அடங்கட்டும்னு வாரக்கணக்கா காத்திருக்க வேண்டியதாப் போச்சு.

அப்புறம் 2018. ஆப்பர்ச்சுனிட்டி ரோவர் 2004 ஜனவரில இறங்கினது. 90 செவ்வாய் நாள் ஓடினா போதும்னு டிசைன் பண்ணின வண்டி, 14 வருஷம் தாண்டி ஓடி 45 கி.மீ. கடந்திருந்தது. அந்த ஜூன்ல பெரிய புயல் வந்தது. ஜூன் 10ல கடைசியா அனுப்பின டேட்டாவுல வானத்தோட ஒளிமறைப்பு அளவு 10.8. எக்ஸ்பொனென்ஷியல் போட்டுப் பாருங்க: சூரியன்லருந்து நேரா வர்ற ஒளியில சுமார் 50,000ல ஒரு பங்குதான் தரைக்கு வருது. சிதறி வர்ற மங்கல் வெளிச்சம் கொஞ்சம் இருக்கும், அவ்ளோதான். சோலார் பேனல் அன்னிக்கு முழுக்கக் குடுத்த மின்சாரம் வெறும் 22 வாட்-மணி. உங்க பாக்கெட்ல இருக்கிற 5000 எம்.ஏ.எச். போன் பேட்டரியை ஒருமுறை ஃபுல் பண்ணலாம். அதுல ஒரு வண்டி குளிரைத் தாங்கணும். அதுக்கப்புறம் அது பேசவே இல்ல. 2019 பிப்ரவரில நாசா மிஷன் முடிஞ்சதுன்னு அறிவிச்சது. அதே புயல்ல க்யூரியாசிட்டிக்கு ஒண்ணும் ஆகல. அது புளூட்டோனியத்துல ஓடுற வண்டி.

'என் பேட்டரி குறையுது, இருட்டிக்கிட்டு வருது'ன்னு ரோவர் கடைசியா சொன்னதா ஒரு மீம் பார்த்திருப்பீங்க. அதைப் பார்த்து நானே கண் கலங்கியிருக்கேன். ரோவர் அப்படி எதுவும் சொல்லல. விஞ்ஞானிகள் சொன்னதை ஒரு பத்திரிகையாளர் தன் பாணியில சுருக்கி எழுதினது அது. எனக்கு இப்போ அந்த வசனத்தைவிட 22ங்கிற நம்பர்தான் அதிகமா உறுத்துது.

இப்படி ஒரு புயல் வியரோட நாவல்லயும் இருக்கு, படத்துல வெட்டிட்டாங்க. வாட்னி ரோவர்ல நெடும்பயணம் போறப்போ பேனல்ல பவர் கொஞ்சம் கொஞ்சமா குறையும். சத்தம் இல்ல, காத்து இல்ல, கண்ணுக்கும் பெருசா ஒண்ணும் தெரியாது. மேலருந்து பார்க்கிற நாசாவுக்குப் புயல் தெரியும், ஆனா அவன்கிட்ட சொல்ல வழி கிடையாது. அவன் சோலார் செல் வெச்ச சின்ன மீட்டர்களை இடைவெளி விட்டுத் தரையில வெச்சு, எங்க இருட்டு அதிகம்னு ஒப்பிட்டு, புயலோட ஓரத்தைக் கண்டுபிடிச்சு தெற்கால சுத்திப் போவான். ஆன்டெனா பறக்கிற சீனைவிட எனக்கு இதுதான் திகிலா இருந்தது.

அந்தப் பக்கத்துல பென்சில் வெச்சு புத்தகத்தை ரூம்மேட்கிட்ட குடுத்தேன். மூணு வாரம் ஆச்சு. இன்னும் ஃபார்முலாவுல தப்பு தேடிட்டிருக்கான்போல, திருப்பித் தரல.